கறுப்பு பழுப்பாகும் இடம்: காணொளிப் பதிவில் நடுநிலை வடிகட்டியும் நிறத்திற்குப் பொருளுரைக்கும் திறனாய்வும்

முன்னுரை

திரைப்படத்தையும் காணொளிப் பதிவையும் பனுவலாகக் கொண்டு ஆராயும் போக்கு நம் தமிழாய்வுத் துறைகளில் வேரூன்றிவிட்டது. சடங்குகள், நிகழ்த்துகலைகள், முதியோரின் வாய்மொழி வரலாறுகள் ஆகியன பற்றிய ஆய்வேடுகளில் களப்பதிவு முதன்மைச் சான்றாக வைக்கப்படுகிறது. திரைப்படம் பற்றிய கட்டுரைகளிலோ நிறம் தனித் தலைப்பாகவே இடம்பெறுகிறது. சிவப்பு சினத்தையும், மஞ்சள் மங்கலத்தையும், கறுப்பு துறவையோ துயரையோ சுட்டுவதாகப் பொருளுரைக்கிறோம். இவ்வாறு பொருளுரைப்பதற்கு முன்னர்க் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: திரையில் காணும் அந்நிறம் எங்கிருந்து வந்தது? பொருளிலிருந்தா, படைத்தவரின் விருப்பத்திலிருந்தா, இடையில் நின்ற கருவியிலிருந்தா?

இக்கேள்வியை நம் திறனாய்வு பெரும்பாலும் எழுப்புவதில்லை. கருவி ஒரு தூய சாளரம் என்ற எண்ணமே அதற்குக் காரணம் எனலாம். அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைக் காட்ட நீண்ட கோட்பாட்டு விளக்கம் தேவையில்லை. ஒரு சிறு கண்ணாடித் துண்டே போதும். ஒளிப்பதிவாளர்கள் ‘என்.டி. ஃபில்டர்’ என்று அழைக்கும் நடுநிலை அடர்த்தி வடிகட்டியே அது. நிறத்தை மாற்றாமல் ஒளியின் அளவை மட்டும் குறைப்பது அதன் பணி. அப்பணியைச் செய்யும்போதே அது நிறத்தை எவ்வாறு திரிக்கிறது என்பதையும், அத்திரிபை அறியாத திறனாய்வு எங்குச் சென்று முடிகிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

நடுநிலை என்னும் பெயர்

திருக்குறளில் நடுவு நிலைமை என்னும் அதிகாரம் துலாக்கோலை உவமையாகக் காட்டுகிறது. ஒரு பக்கமும் சாயாமை அதன் இயல்பு. ஒளியியலில் நடுநிலை என்பதும் ஏறத்தாழ இதே பொருளில்தான் ஆளப்படுகிறது. மனிதக் கண்ணுக்குப் புலனாகும் ஒளி 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களில் அடங்கும். ஊதா முதல் சிவப்பு வரை உள்ள இவ்வலைநீளங்கள் அனைத்தையும் சம அளவில் குறைக்கும் கண்ணாடியே நடுநிலை வடிகட்டி.

அதன் வலிமையை அடர்த்தி எண்ணால் குறிப்பர். 0.3 என்பது ஒளியைப் பாதியாக்கும், 0.6 நான்கில் ஒன்றாக்கும், 0.9 எட்டில் ஒன்றாக்கும்; 1.2 பதினாறில் ஒன்றாக்கும், 1.8 அறுபத்து நான்கில் ஒன்றாக்கும். ஒவ்வொரு 0.3 உம் ஒளிப்பதிவாளர் மொழியில் ஒரு ‘ஸ்டாப்’ ஆகும்.

இத்தகைய கண்ணாடி ஏன் தேவைப்படுகிறது? நிழற்படக் கலைஞர் வெயிலில் ஒளி மிகும்போது மூடியின் வேகத்தைக் கூட்டிவிடலாம். காணொளியில் அவ்வாறு செய்தால் அசைவு வெட்டிவெட்டித் தெரியும். நொடிக்கு 25 சட்டங்கள் பதியும் முறையில் மூடியின் காலம் நொடியில் 50இல் ஒரு பங்காக இருப்பதே வழக்கம். உணர்திறன் 800 ஐ.எஸ்.ஓ. உள்ள ஒரு கருவியை நடுப்பகல் வெயிலில் இவ்வேகத்தில் இயக்கினால், சரியான பதிவுக்கு எஃப் 64 அளவுக்கு ஒளித்துளையைச் சுருக்க வேண்டியிருக்கும். காணொளி வில்லைகள் அவ்வளவு சுருங்குவதில்லை. அதற்கு முன்னரே ஒளிச்சிதறலால் படம் மங்கத் தொடங்கிவிடும். எஃப் 4 என்னும் அளவில் படம்பிடிக்க விரும்பினால் எட்டு ஸ்டாப் ஒளியைக் குறைக்க வேண்டும். அதாவது ஒளியை 256இல் ஒரு பங்காக்கும் 2.4 அடர்த்தி தேவை. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் வாழும் நமக்கு இக்கணக்கு நன்கு புரியும். கோயில் வெளிமண்டபத்திலும் தேரோடும் வீதியிலும் பதிவு செய்யும் எவரும், அறிந்தோ அறியாமலோ, இவ்வடிகட்டியின் வழியாகவே பார்க்கின்றனர். தொழில்முறைக் கருவிகள் பலவற்றில் அது உள்ளேயே பொருத்தப்பட்டிருப்பதால், ஒரு விசையைத் தள்ளினால் போதும். இடையில் ஒரு கண்ணாடி வந்து நின்றதே நினைவில் இருப்பதில்லை.

நிறம் திரியும் முறை

இவ்வடிகட்டியால் நேரும் நிறத்திரிபுகளை இரு வகையாகப் பகுக்கலாம். இப்பகுப்பு திறனாய்வாளருக்கு இன்றியமையாதது.

முதல் வகை, படம் முழுவதும் ஒரே சீராகப் படரும் சாயல். விலை குறைந்த வடிகட்டிகளில் சாயக் கலவை எல்லா அலைநீளங்களையும் துல்லியமாகச் சம அளவில் தடுப்பதில்லை. பச்சை சற்று மிகும். அல்லது செங்கருநீலம் மிகும். அடர்த்தி கூடக்கூடச் சாயலும் கூடும். ஆயினும் இது எல்லாப் பொருள்மீதும் ஒரே விதமாகப் படிவதால், வடிகட்டியைப் பொருத்திய பின்னர் வெண்தாளையோ சாம்பல்நிற அட்டையையோ காட்டி வெண்சமநிலையை அமைத்தால் பெரும்பாலும் நீங்கிவிடும். பதிவுக்குப் பின்னரும் திருத்தலாம்.

இரண்டாம் வகை நுட்பமானது. அதுவே நம் கவனத்திற்கு உரியது. நடுநிலை என்னும் பெயர் 700 நானோமீட்டர் வரைக்குமே பொருந்தும். அதற்கு அப்பால் உள்ள அகச்சிவப்புக் கதிர்களை மரபான சாய வடிகட்டிகள் தடுப்பதில்லை. ஏறத்தாழ முழுமையாகவே உள்ளே விடுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத கதிர் உள்ளே வந்தால் என்ன என்று கேட்கலாம். கண்ணுக்குப் புலப்படாதது சிலிக்கனுக்குப் புலப்படும். எண்ணியல் கருவியின் உணரி சிலிக்கனால் ஆனது. அதன் உணர்வெல்லை ஏறத்தாழ 1100 நானோமீட்டர் வரை நீள்கிறது. ஆதலால் உற்பத்தியாளர்கள் உணரியின் முன் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றை வைக்கின்றனர். அதுவும் 700ஐ எட்டியதும் சுவர்போல் தடுப்பதன்று, சரிவாகத் தடுப்பது. சிறிதளவு கசிவு எப்போதும் இருக்கும்.

அக்கசிவு எவ்வாறு பெருகுகிறது என்பதை எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு வெண்துணியிலிருந்து 640 பங்கு புலனாகும் ஒளியும், ஒரு கறுப்புச் செயற்கையிழைத் துணியிலிருந்து 20 பங்கும் உணரியை அடைவதாகக் கொள்வோம். கசியும் அகச்சிவப்பு இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பங்கு எனக் கொள்வோம். இந்நிலையில் எந்தத் திரிபும் தெரியாது. இப்போது 1.8 அடர்த்தி வடிகட்டியைப் பொருத்தி, இழந்த ஒளியை ஈடுசெய்ய ஒளித்துளையை 64 மடங்கு திறக்கிறோம். புலனாகும் ஒளி பழையபடி 640 ஆகவும் 20 ஆகவும் நிற்கும். வடிகட்டியால் தடுக்கப்படாத அகச்சிவப்போ ஒன்றிலிருந்து 64 ஆக உயர்ந்துவிடும். வெண்துணியில் அது பத்தில் ஒரு பங்கு, பெரிதாகத் தோன்றாது. கறுப்புத் துணியிலோ உண்மையான ஒளியைக் காட்டிலும் மும்மடங்குக்கு மேல். இக்கசிவு உணரியின் சிவப்புத் தடத்திலேயே மிகுதியாகப் பதிவதால் கறுப்பு பழுப்பாகிறது. சில கருவிகளில் செங்கருநீலச் சாயல் பெறுகிறது.

எல்லாக் கறுப்பும் இவ்வாறு மாறுவதில்லை என்பதே இங்கு முதன்மையானது. கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தோன்றும் இரு துணிகளுள் ஒன்றன் சாயம் அகச்சிவப்பை விழுங்கலாம். மற்றொன்றன் சாயம் அதனைத் திருப்பி அனுப்பலாம். முன்னது கறுப்பாகவே இருக்கும், பின்னது பழுப்பாகும். செயற்கையிழைகளில் இது மிகுதி. பச்சை இலைகளும் அகச்சிவப்பை வலுவாகத் திருப்பி அனுப்பும் இயல்புடையவை. அவற்றின் பசுமை மங்கி மஞ்சள் கலந்து தெரியும். திரிபு படம் முழுவதும் சீராக இல்லாமையால் வெண்சமநிலையால் இதனைத் தீர்க்க இயலாது. பழுப்பான வேட்டியைக் கறுப்பாக்க முயன்றால் அருகில் நிற்பவரின் முகம் பச்சை பாய்ந்துவிடும்.

இச்சிக்கல் படச்சுருள் காலத்தில் எழவில்லை. வழக்கமான வண்ணச் சுருளின் வேதிப்பூச்சு அகச்சிவப்பை உணர்வதில்லை. ஆகவே வடிகட்டி அதனை உள்ளே விட்டாலும் தீங்கு நேரவில்லை. உணரும் பொருள் மாறியபோது, பழைய வடிகட்டியின் மறைந்திருந்த குறை வெளிப்பட்டது. 2006இல் வெளிவந்த லைக்கா எம்8 என்னும் நிழற்படக் கருவியில், ஓரத்துக் கதிர்களின் கூர்மை கருதி அகச்சிவப்புத் தடுப்பு மெல்லியதாக அமைக்கப்பட்டிருந்தது. அதனால் எந்த வடிகட்டியும் இன்றியே கறுப்புச் செயற்கையிழைத் துணிகள் செங்கருநீலமாகப் பதிந்தன. நிறுவனம் வாங்கியோர்க்கு அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டிகளை வழங்க நேர்ந்தது. 2007இல் வந்த ரெட் ஒன் கருவியிலும், அதனையடுத்துப் பரவலாகப் பயன்பட்ட சோனி இ.எக்ஸ்.1 கருவியிலும் இதே சிக்கல் பேசப்பட்டது. வெளிப்புறப் படப்பிடிப்பில் அடர்ந்த நடுநிலை வடிகட்டிகளைப் பொருத்தியபோது முதலில் பழுத்தவை கறுப்பு உடைகளே.

தீர்வுகளும் படிப்படியாக வந்தன. உலோகப் பூச்சு வடிகட்டிகள் அகச்சிவப்பையும் ஏறத்தாழச் சம அளவில் குறைக்கின்றன. 2015இல் அறிமுகமான ஆரி அலெக்சா மினி கருவியில் 0.6, 1.2, 2.1 என்னும் அடர்த்திகளில் முழு அலைப்பட்டைக்குமான வடிகட்டிகள் உள்ளேயே அமைந்தன. அதே ஆண்டில் வந்த சோனி எஃப்.எஸ்.5 மின்னணு முறையில் அடர்த்தியைப் படிப்படியாக மாற்றும் வடிகட்டியைக் கொண்டிருந்தது. ஆயினும் ஒவ்வொரு தீர்வும் தனக்கெனச் சில திரிபுகளை உடையது. அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும் குறுக்கீட்டுப் பூச்சுகள் சாய்ந்து வரும் கதிருக்குச் சிவப்பின் ஒரு பகுதியையும் சேர்த்துத் தடுத்துவிடுவதால், அகன்ற வில்லையில் படத்தின் ஓரங்கள் பசுநீலம் பாயும். மாணவர்கள் விரும்பி வாங்கும் சுழற்று வடிகட்டியில் இரு முனைவாக்கிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. அதனைக் கருமைக்குச் சுழற்றச் சுழற்ற அகச்சிவப்புக் கசிவு கூடும். அகன்ற வில்லையில் வானத்தில் குறுக்குச் சிலுவை போன்ற கருநிழலும் தோன்றும்.

ஒரு பதிவும் ஓர் ஆய்வேடும்

இச்செய்திகளைக் கட்டுரையாளர் நூலறிவாக முதலில் பெறவில்லை. ஒரு தவற்றின் வழியே கற்றார். அதனை ஈண்டுக் கூறுதல் கடமையாகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாலையணிந்து விரதமிருக்கும் ஐயப்ப பக்தர்களின் இருமுடி கட்டும் சடங்கினை இளங்கலை மாணவர் ஒருவர் காணொளியாகப் பதிவு செய்தார். குழல்விளக்கு ஒளியில் மண்டபத்தினுள் ஒரு மணி நேரமும், உச்சி வெயிலில் வெளி முற்றத்தில் அரை மணி நேரமும் பதிவு நீண்டது. பதிவு துறையின் சேமிப்பில் வைக்கப்பட்டது. மறு ஆண்டில் வேறொரு மாணவி அப்பதிவை மட்டும் சான்றாகக் கொண்டு ஓர் ஆய்வேடு எழுதினார். அவ்வழிபாட்டில் கறுப்பு, நீலம், காவி ஆகிய நிறங்கள் வழங்குவதை அவர் சரியாகவே குறித்திருந்தார். பின்னர், பதிவில் உள்ளோர் மண்டபத்தினுள் கறுப்பும் வெளியே செம்பழுப்பும் உடுத்தியிருப்பதைச் சுட்டி, வெளியேறும் முன்னர் உடை மாற்றும் ஒரு வட்டார வழக்கம் உருவாகியுள்ளது என்றும், அது புலம்பெயர் சூழலில் துறவுக்கும் பொதுவெளிக்கும் இடையே சமூகம் கண்ட சமரசம் என்றும் விளக்கினார். மொழி தெளிவாக இருந்தது. வாதம் ஒழுங்காக இருந்தது. மேற்கோள்கள் பொருத்தமாக இருந்தன. வழிகாட்டியான கட்டுரையாளர் உயர்ந்த மதிப்பெண் வழங்கினார்.

பிழை வெளிப்பட்டது தற்செயலாகவே. அக்குழுவின் குருசாமியாக இருந்த பெரியவருக்கு அப்பதிவின் ஒரு பகுதி காட்டப்பட்டது. அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “எங்கள் வேட்டி எல்லாம் ஏன் ஐயா சாயம் போன மாதிரி இருக்கிறது?” என்று கேட்டார். உடை மாற்றும் வழக்கம் உண்டா என்று வினவியதற்கு அவர் சிரித்தார். மாலை கழற்றும் வரை ஒரே கறுப்புதான் என்றார். அதன் பின்னரே பதிவு மீண்டும் பார்க்கப்பட்டது. வெளிமுற்றக் காட்சி ஒன்றில் ஒருவர் இடுப்பில் வேட்டி பழுப்பாகவும், தோளில் கிடந்த பருத்தித் துண்டு நல்ல கறுப்பாகவும் இருந்தன. மண்டபத்தினுள் அவ்விரண்டும் ஒரே கறுப்பாகவே தெரிந்தன. பதிவு செய்த மாணவரைக் கேட்டபோது, வெளியே வந்ததும் கருவியில் இருந்த அடர்ந்த வடிகட்டியை இயக்கியதாகக் கூறினார். அகச்சிவப்பு குறைவான குழல்விளக்கின்கீழ் வடிகட்டியின்றிக் கறுப்பாக இருந்த வேட்டி, வெயிலில் வடிகட்டியின் பின்னே பழுப்பாகியிருக்கிறது. சமூகம் கண்ட சமரசம் என்று நாம் மதிப்பெண் வழங்கியது ஒரு கண்ணாடியின் கசிவுக்கே.

மாணவியைக் குறை கூறுவதற்கில்லை. கண்டதை நேர்மையாக எழுதினார். குறை, கண்டதற்கும் இருந்ததற்கும் இடையே கருவி உண்டு எனக் கற்பிக்காத ஆசிரியரிடம் உள்ளது. இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பெரியவர் அன்று இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும்? ஐம்பது ஆண்டு கழித்து அப்பதிவைக் காண்போர்க்குச் சொல்வார் எவரும் இரார். அந்த ஆய்வேடு நூலகத்தில் இருக்கும். அதனை மேற்கோள் காட்டும் ஆய்வேடுகளும் இருக்கும். இல்லாத ஒரு வழக்கம் ஏட்டில் உருவாகி நிலைபெற்றிருக்கும்.

ஏட்டுப் பிழையும் கண்ணாடிப் பிழையும்

இத்தகைய நிலையை எதிர்கொள்ளும் முறை தமிழாய்வுக்குப் புதியதன்று. நம் பதிப்பு மரபில் அது நன்கு வளர்ந்துள்ளது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஏடுகளைத் திரட்டி ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளை ஆராய்ந்த பின்னரே மூலத்தை நிறுவினார். பொருளுரைத்தல் அதன் பின்னரே வந்தது.

அம்மரபில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஏடு கிழியும்; ஆகவே பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. குறில் எகர ஒகரங்களும் நெடில் ஏகார ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றின. இவை எழுதுவோரின் அறியாமையால் நேர்ந்தவை அல்ல; ஓலையும் எழுத்தாணியும் விதித்தவை. விதித்தவை ஆதலால் ஒழுங்குடையவை. ஒழுங்குடைய பிழையை, அதன் காரணத்தை அறிந்த பதிப்பாசிரியர் நீக்கிவிட முடியும். ஓலையின் இயல்பை அறியாதவரோ, புள்ளியில்லாத எழுத்தைக் கண்டு அதனைப் புதிய சொல்லாகக் கருதி அகராதியில் சேர்த்துவிடுவார்.

நடுநிலை வடிகட்டியின் பிழையும் இத்தகையதே. ஒளியின் தன்மை, சாயத்தின் தன்மை, உணரியின் தன்மை என்னும் மூன்றையும் சார்ந்து, அது ஓர் ஒழுங்கில் நேர்கிறது. ஆகவே பதிவுக்குள்ளேயே அதன் தடயம் கிடைக்கும். உட்புறக் காட்சியில் கறுப்பாக இருந்த அதே துணி வெளிப்புறத்தில் பழுப்பாகிறதா? ஒரே சட்டத்தில் ஒரு கறுப்பு நிலைத்து மற்றொரு கறுப்பு மாறுகிறதா? இலைகளின் பசுமையும் உடன் மங்குகிறதா? நிழலில் நிற்கும்போதும் வெயிலில் நிற்கும்போதும் வேறுபாடு உண்டா? இவற்றைப் பாடவேறுபாடு என்றே அழைக்கலாம். ஒரே பனுவலின் இரு காட்சிகள் ஈண்டு இரு ஏடுகளாகின்றன. ஒப்பிட்டு மூலநிறத்தை நிறுவிய பின்னரே அதன் குறியீட்டுப் பொருளைப் பேசுதல் முறையாகும்.

பழைய திரைப்படங்களை ஆராய்வோர்க்கும் இது பொருந்தும். கட்டுரையாளர் முனைவர் பட்ட ஆய்வுக்காக இலண்டனில் இருந்த நாள்களில், பழைய வண்ணப்படம் ஒன்றின் படி திரையிடப்பட்டபோது, அதில் பரவியிருந்த செந்நிறத்தைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு எழுதினார். திரையிட்ட ஊழியர், அது சாயம் வெளுத்த படி என்றார். 1950இல் அறிமுகமான ஈஸ்ட்மன்கலர் வகைச் சுருள்களில் பசுநீலச் சாயம் முதலில் மங்குவதால் படம் முழுவதும் செங்கருநீலமாக மாறிவிடுகிறது. 1980இல் மார்ட்டின் ஸ்கோர்செசி இச்சிக்கலை முன்னிறுத்தி இயக்கமே நடத்தினார். காலம் தீட்டிய நிறத்தை இயக்குநர் தீட்டியதாக எழுதிய குறிப்பு அன்றே கிழிக்கப்பட்டது. கிழித்த பாடம் மட்டும் போதுமான அளவு மனத்தில் பதியவில்லை என்பதைப் பின்னர் வந்த ஆய்வேடு காட்டியது.

கருவியும் கருத்தும்

இவ்வாதத்திற்கு மறுப்பு ஒன்று எழலாம். நிறத்தை எல்லாம் கண்ணாடிக்கும் சாயத்திற்கும் உரியதாக்கிவிட்டால் கலைஞனுக்கு என்ன எஞ்சும்? திறனாய்வு பொறியியலாகிவிடாதா? இம்மறுப்பு நியாயமானது, ஆகவே எல்லையை வரையறுப்பது தேவை.

நிறம் படைப்பாளியின் விருப்பத்தால் எழுந்தது என்பதற்குச் சான்று இருக்கும் இடங்கள் பல. மைக்கலாஞ்சலோ அந்தோனியோனி தமது முதல் வண்ணப்படமான ‘செம்பாலை’க்காக 1964இல் மரங்களுக்கும் புல்லுக்குமே வண்ணம் பூசினார். கோயன் சகோதரர்களின் ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ என்னும் 2000ஆம் ஆண்டுப் படத்தில், ஒளிப்பதிவாளர் ராஜர் டீக்கின்ஸ் மிசிசிப்பியின் கோடைப் பசுமையை எண்ணியல் முறையில் காய்ந்த மஞ்சளாக மாற்றினார். இங்கு இலை மஞ்சளானது கசிவால் அன்று, முடிவால். இரு மஞ்சளும் திரையில் ஒத்துத் தோன்றக்கூடும் என்பதனால்தான் காரணத்தை வினவும் கடமை திறனாய்வாளருக்கு மிகுகிறது.

கருவி விதித்ததையே கலைஞன் தன்வயப்படுத்திக்கொண்ட இடமும் உண்டு. செர்கேய் ஐசன்ஸ்டைன் ‘கொடுங்கோலன் இவான்’ படத்தின் இரண்டாம் பாகத்தில் விருந்துக் காட்சியை வண்ணத்தில் எடுத்தார். போரில் ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றப்பட்ட அக்ஃபா வண்ணச்சுருள் அவருக்குக் கிடைத்ததே அதற்கு வாய்ப்பளித்தது. கிடைத்த சுருளைக்கொண்டு சிவப்பையும் பொன்னிறத்தையும் கறுப்பையும் அரசின் கொடுமைக்கு மொழியாக்கினார். 1946இல் நிறைவுற்ற அப்பாகம் 1958இல்தான் திரைக்கு வந்தது. இங்குச் சுருளின் வரலாற்றை அறிவது அக்காட்சியின் பொருளைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது. ஆகவே கருவியை அறிதல் கருத்துக்குப் பகையன்று. எந்த நிறம் தேர்ந்துகொள்ளப்பட்டது, எந்த நிறம் நேர்ந்துவிட்டது என்று பிரித்தறியாத இடத்தில் தேர்வைப் போற்றவும் இயலாது. எல்லாம் பொருளுடையது என்று கொள்ளும் திறனாய்வு, கலைஞன் உண்மையிலேயே வைத்த பொருளையும் தற்செயலுக்குச் சமமாக்கிவிடுகிறது.

கள ஆவணமோ இதனினும் கடுமையான கட்டுப்பாட்டுக்கு உரியது. அங்கு நிறம் கலைஞனுடையது அன்று, பதிவு செய்யப்படுவோருடையது. அவர்தம் உடையின் நிறத்தை நாம் மாற்றி எழுதும்போது அவர்தம் சொல்லை மாற்றி எழுதியவர்களாகிறோம்.

வகுப்பறைக்குச் சில கருத்துகள்

மேற்கூறியவற்றிலிருந்து, களப்பணிக்கு மாணவரை அனுப்பும் ஆசிரியர் மேற்கொள்ளத்தக்க எளிய நடைமுறைகள் சிலவற்றைக் கூறலாம்.

முதலாவது, ஒவ்வொரு காட்சிக்கும் எந்த அடர்த்தி வடிகட்டி பயன்பட்டது என்பதைக் களக்குறிப்பேட்டில் எழுதுதல். இரண்டாவது, வடிகட்டியை இயக்கிய பின்னர் வெண்சமநிலையை அமைத்து, ஒவ்வொரு இடத்திலும் சாம்பல்நிற அட்டையைச் சில நொடிகள் பதிவு செய்தல். மூன்றாவது, புறப்படும் முன்னர்க் கறுப்புப் பருத்தித் துணியையும் கறுப்புச் செயற்கையிழைத் துணிகள் சிலவற்றையும் வெயிலில் வைத்து, வடிகட்டியோடும் வடிகட்டியின்றியும் பதிவு செய்து பார்த்தல். கறுப்பு பழுத்தால் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியைத் தேட வேண்டும். இயலாவிடில் நிழலான இடத்தைத் தேர்ந்து குறைந்த அடர்த்தியோடு அமைதல் நலம்.

இன்று மாணவர் பலர் கைப்பேசியிலேயே பதிவு செய்கின்றனர். கைப்பேசி பெரும்பாலும் மூடியின் வேகத்தைக் கூட்டியே வெயிலைச் சமாளிப்பதால் இச்சிக்கல் அங்குக் குறைவு. ஆயினும் அதன் தானியங்கு வெண்சமநிலை, காட்சி மாற மாற நிறத்தையும் மாற்றும். ஆகவே எச்சரிக்கை அங்கும் தேவை.

இவை அனைத்தினும் எளியது நான்காவது: உடுத்தியவரையே கேட்டு, அந்நிறத்திற்கு அவர் வழங்கும் பெயரை எழுதிக்கொள்ளல். இதற்குக் கருவி எதுவும் வேண்டா. அன்று நம் மாணவர் இதனைச் செய்திருந்தால் ஓர் ஆய்வேடு தப்பியிருக்கும்.

முடிவுரை

நடுநிலை வடிகட்டி பொய் சொல்வதில்லை. தனக்கு வகுக்கப்பட்ட எல்லைக்குள் அது நடுநிலையோடுதான் நடக்கிறது. அவ்வெல்லைக்கு அப்பால் உள்ளதைத் தடுக்க அது கடமைப்பட்டதன்று. எல்லையை அறியாமல் அதன் பெயரை நம்பியவர் நாமே. ஆய்வாளரின் நடுநிலைக்கும் இத்தகைய எல்லை உண்டு என்பதை இக்கண்ணாடி நினைவூட்டுகிறது எனலாம்.

காணொளி நமக்குப் புதிய ஓலைச்சுவடி. அதனைப் படியெடுத்தவர் கையில் எழுத்தாணிக்குப் பதிலாகக் கண்ணாடியும் சிலிக்கனும் இருந்தன. ஓலையின் இயல்பைக் கற்றபின் ஏட்டைத் தொட்ட முன்னோரின் முறையை நாமும் மேற்கொள்ளல் வேண்டும். குறிப்பிட்ட அந்த ஆய்வேட்டின் முகப்பில் இப்போது ஒரு திருத்தக்குறிப்பு ஒட்டப்பட்டுள்ளது; அதனை எழுதியவர் அம்மாணவியே. தாம் இன்று ஆசிரியராகப் பணிபுரியும் பள்ளியில், களப்பணிக்குச் செல்லும் பிள்ளைகளின் பையில் ஒரு கறுப்புத் துணியை வைத்து அனுப்புவதாக அண்மையில் அவர் தெரிவித்தார்.